நாலாவது பட்டியலில் ஒருத்தி

சலவை ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியம்மா. வயது முப்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டின் பின்னறையில், இரும்பு அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வேலை செய்கிற இடத்தில் மனுஷ மனசு என்ன பாடு படுகிறது என்பதுதான் படிப்பு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், "இதுக்குத் தனியா படிக்கணுமா? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா?" என்பார்கள். அண்ணிதான் குறுக்கே புகுந்து காப்பாற்றுவாள். "அவ டாக்டராகப் போறா. ஊசி போடாத டாக்டர். உங்க முட்டிவலியைக் கொண்டுவந்து அவகிட்டக் கொட்டாதீங்க."

படிக்க வருவதற்கு முன் எட்டு வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் போனில் பதில் சொல்கிற வேலை பார்த்தாள். காதில் மாட்டிய கருவியோடு வரிசையாக நாற்பது பேர். பக்கத்து நாற்காலிக்காரி ஒருநாள் மத்தியானம், எதிர்முனையில் யாரோ திட்டிக்கொண்டிருக்கும்போதே, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். கண்ணீர் வழிந்து விசைப்பலகையில் சொட்டியது. வாய் மட்டும், "ஆமாங்க, புரியுதுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். இவளும் குனிந்துகொண்டாள். அடுத்த திங்கட்கிழமை அந்த நாற்காலி காலி. வருஷக் கடைசியில் கம்பெனி கொடுத்த தாளில், 'உங்கள் வேலையிடத்தில் ஏதேனும் குறை உண்டா?' என்ற கேள்விக்கு இவள் 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு வெளியே வந்தவளுக்குத் தன் கையெழுத்தே பிடிக்காமல் போயிற்று. வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்கப் போனாள். வேலையிடத்தில் ஆட்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதையே ஆராய்ச்சிக் கேள்வியாகவும் எடுத்துக்கொண்டாள்.

வாயைத் திறக்காதவர்களைத் தேடிப் போனால் எந்தக் கதவுதான் திறக்கும்? ஏழு ஆலைகள் முகத்துக்கு நேரே முடியாது என்றன. எட்டாவதாகப் போனது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவை ஆலை. அதன் மேனேஜர் நல்ல மாதிரியாகப் பேசினார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "தாராளமா செய்யுங்க. ஒரே ஒரு நிபந்தனைதான். உங்க தீசிஸ் போறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சுருக்க ரிப்போர்ட் குடுத்துடணும். நாங்களும் திருந்தணும்ல?" என்றார்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. இருபது மாணவர்களைத் தலைமேல் சுமந்துகொண்டு, எப்போதும் எங்கோ போகிற அவசரத்தில் இருப்பவர். "எல்லாரும் இதைத்தான் கேப்பாங்கம்மா. பேரை மட்டும் எங்கயும் போட்டுடாதே. கையெழுத்துப் போட்டுட்டு வேலையை ஆரம்பி" என்றார். போட்டாள்.

ஆலையின் முதல் அறையில் ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கும். ரத்தமும் மருந்தும் காய்ந்துபோன விரிப்புகளை முகத்தை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். அடுத்த கூடத்தில் ஆள் உயரத் துவைக்கும் இயந்திரங்கள். அதற்கும் அடுத்ததுதான் உருளைப் பிரிவு. நீராவியில் கொதிக்கிற நீளமான இரும்பு உருளைகளின் வாயில் ஈர விரிப்பை இரண்டு பேர் முனை பிடித்துக் கொடுத்தால், மறுபக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். அந்தக் கூடத்துக்குள் காலை வைத்ததும் அவளுடைய மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே மொத்தம் எட்டுப் பெண்கள். அவர்களில் மூத்தவள் உருளையக்கா. ஐம்பத்திரண்டு வயது, அந்த இயந்திரத்தில் மட்டும் இருபத்து மூன்று வருஷம். "உருளைன்னதும் கிழங்குன்னு நெனச்சிடாதீங்க. கிழங்கு கூட இவ்ளோ நேரம் வேகாது" என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

முதலில் இவள் கேள்வித்தாள் கொடுத்தாள். நாற்பத்திரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். நூற்று முப்பது தாள்கள் திரும்பி வந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால் அத்தனையிலும் 'முழுவதும் சரி' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே நேர்கோடாக டிக். 'என் மேலதிகாரி என்னை மதிக்கிறார்' என்பதற்கும் முழுவதும் சரி, 'என் மேலதிகாரி என்னை மதிப்பதில்லை' என்பதற்கும் முழுவதும் சரி. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணி ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஒத்துமையான ஜனங்க போலிருக்கு" என்றாள்.

மறுநாள் உருளையக்காவே இவளை ஓரமாகக் கூப்பிட்டாள். "நேத்து நாங்க அந்தத் தாளை எழுதறப்போ சூப்பர்வைசர் கையைக் கட்டிட்டு நின்னாரே, நீங்க பாக்கலயா? எங்க பேனா எந்தக் கட்டத்துக்குப் போகும்னு நெனச்சீங்க?"

அன்றோடு தாள்களை மூட்டை கட்டிவிட்டாள். மூன்று மாதம், வாரத்துக்கு நாலு நாள், ஆலைக்குப் போய் விரிப்பு மடிக்கிற மேசையில் நின்றாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்று மடித்தாள். நாலைந்து வாரத்தில் பேச்சு தானாக வந்தது. வீட்டு வாடகை, மூட்டுவலி, மாப்பிள்ளையின் குடி, சூப்பர்வைசரின் தலைமயிர்ச் சாயம் என்று எதையும் விடவில்லை. 'நீங்க' போய் 'நீ' வந்தது. கேள்வியே கேட்காத ஆளுக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்து அவர்களே சிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பழைய சாமான் அறையில் இரண்டு நாற்காலி போட்டு, ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். உருளையக்காவுக்கு இருபத்தேழு.

சம்மதப் படிவத்தை அவள் வாசித்துக் காட்டினாள். உருளையக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"பேர் எங்கயும் வராதா?"

"வராதுக்கா."

"மூஞ்சி?"

"அதெப்படிக்கா வரும்? வெறும் குரல்தான். அதையும் நான் மட்டும்தான் கேப்பேன். நீங்க வேணாம்னு எப்பச் சொன்னாலும் அழிச்சிடுவேன்."

"சரி, போடு."

அன்றைக்கு அக்கா ஒன்றேகால் மணி நேரம் பேசினாள். உருளையின் வாயில் ஒரு காப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் தடித்த ஈரத்துணி பட்டாலும் நின்றுவிடும். நின்றால் அன்றைக்கு முடிக்கவேண்டிய விரிப்பு எண்ணிக்கை முடியாது. அதனால் சூப்பர்வைசர் கிழிந்த விரிப்பின் கரையை எடுத்துக் கம்பியை எது பட்டாலும் அசையாதபடி இழுத்துக் கட்டிவிட்டார். கட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன கோடையில் அக்காவின் கையுறை உருளையில் மாட்டியது. கையை இழுத்துக்கொண்டுவிட்டாள், ஆனாலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்துபோயிற்று.

"ஆபீஸ்ல என்னக்கா சொன்னீங்க?"

"வீட்டுல சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு எழுதிக் குடுத்தேன்."

"ஏன்?"

"வேற என்ன எழுதறது? மெஷின்ல சுட்டுச்சுன்னு எழுதினா யாராவது வந்து பாப்பாங்க. பாத்தா கம்பிய அவுப்பாங்க. அவுத்தா எண்ணிக்கை வராது. எண்ணிக்கை வரலன்னா எட்டுப் பேருக்கும் திட்டு. எல்லாரும் என்னைப் பாப்பாங்க. ஏதோ கைதான வெந்துச்சு, ஆறிடும்னு விட்டுட்டேன்." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். தோல் ஈரத்தாள் ஒட்டிய மாதிரி பளபளத்தது.

இவளுக்கு அப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. பரிதாபத்தால் மட்டுமல்ல. இரண்டு வருஷமாகத் தேடியது கையில் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம். 'இதுதான், இதுதான்' என்று உள்ளுக்குள் ஒரு குரல் குதித்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். பிற்பாடு எதை மறந்தாலும் அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

ரிப்போர்ட் எழுதுகிற நேரம் வந்தது. அவள் முப்பது பக்கம் எழுதினாள். பேராசிரியர் பதினெட்டாகக் குறைத்தார். காப்புக் கம்பி பற்றிய இரண்டு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார். "இது மெஷின் கோளாறும்மா, மனோவியல் இல்ல. அதுவுமில்லாம சூப்பர்வைசர் கட்டினார்னு எழுதினா யாரு சொன்னாங்கன்னு தேட ஆரம்பிப்பாங்க. உன் ஆட்களுக்குத்தான் ஆபத்து." அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. "பேச்சை மட்டும் வச்சிட்டு நின்னா கம்பெனிக்காரங்க கதைன்னு சொல்லிடுவாங்க. நாலு பட்டியல் போடு" என்றும் சொன்னார்.

நாலு பட்டியல் போட்டாள். நாலாவது, காயத்தை மறைத்தவர்கள் பற்றியது. பிரிவு, ஆணா பெண்ணா, வயது, எத்தனை வருஷ வேலை என்று பத்திகள். மொத்தம் முப்பத்தொரு பேர். கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று மூன்று தடவை சரிபார்த்தாள். பட்டியலுக்குக் கீழே ஒரு பெண் தொழிலாளி சொன்னதாக ஒரே ஒரு வரி: 'வீட்டில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.' பேர் இல்லை. எண் கூட இல்லை. மேனேஜரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

பதினோராம் நாள் மத்தியானம் போன் வந்தது. பின்னால் வண்டிச் சத்தம். உருளையக்கா பஸ் நிறுத்தத்திலிருந்து பேசினாள்.

"மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். நீதானே அந்தச் சுடுதண்ணின்னு கேட்டார். நான் யார்கிட்டயும் எதுவும் பேசலன்னு சொல்லிட்டேன். நீ அந்தக் குரலை அழிச்சிடு. எழுதி வச்சது எதுவா இருந்தாலும் கிழிச்சிடு. இப்பவே செய்."

"அக்கா, பேரே போடலயே, எப்படி..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அழிச்சிடு."

அழித்தாள். ஒலிப்பதிவை, அதன் நகலை, தட்டெழுதியதை, கையால் எழுதின குறிப்பைக்கூட. படிப்பில் அதற்கென்றே ஒரு விதி இருந்தது: பங்கேற்றவர் விலகினால் அவருடையது எதையும் வைத்திருக்கக் கூடாது. விலகல் படிவத்தை நிரப்பிப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினாள். சொன்ன சொல்லை இதிலாவது காப்பாற்றினேன் என்று ஒரு சின்ன ஆறுதல். அப்புறம் ரிப்போர்ட்டைப் புரட்டி நாலாவது பட்டியலைப் பார்த்தாள். இந்தத் தடவை கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை. உருளைப் பிரிவு, பெண், ஐம்பதுக்கு மேல், இருபது வருஷத்துக்கு மேல் என்று விரலை நகர்த்திக்கொண்டே போனாள். கடைசிக் கட்டத்தில் 1 என்று இருந்தது. அந்த ஆலையில் அந்த வரிசைக்குள் அடங்குகிற ஆள் ஒருத்திதான். பேரைப் போட்டிருந்தால்கூட ஒரே பேரில் இரண்டு பேர் இருந்திருக்கலாம். ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணி கதவைத் தட்டி, "என்ன சாப்பிட்ட? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் அப்போதும் உட்காரத்தான் சொன்னார்.

"மேடம், நாங்க யாரையும் தேடல. காய ரெஜிஸ்டர்ல சுடுதண்ணின்னு எழுதின ஆள் ஒருத்தர்தான். நீங்க சொன்ன வயசும் சர்வீஸும் சரியா இருந்துச்சு. பொய் எழுதிக் குடுத்தது ஒழுங்குமீறல். அப்புறம் போய்ப் பாத்தா காப்புக் கம்பிய வேற கட்டி வச்சிருக்காங்க. அந்த மெஷினுக்கு மூத்த ஆள் அவங்கதானே."

"கட்டினது அவங்க இல்ல சார். சூப்பர்வைசர்."

"உங்க ரிப்போர்ட்டை நான் ரெண்டு தடவை படிச்சேன், மேடம். அப்படி எதுவும் இல்லயே."

உருளையக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இருபத்து மூன்று வருஷத்துக்கு ஒரு பக்கக் கடிதம்.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் மகள் போன் செய்தாள். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள், விசாரணைக்குத் தேதி போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் கொடுத்தாள்.

"நீ வந்து அந்த டேப்பைப் போட்டுக் காட்டும்மா. கம்பிய அவர்தான் கட்டினார்னு நான் அன்னிக்கே சொல்லியிருக்கேன்ல? இந்தப் பிரச்சினையெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே சொன்னது. அதைக் கேட்டா நம்புவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அழிச்சிட்டேன்கா. நீங்கதான் அன்னிக்கு..."

அப்புறம் அக்கா, "நான் பயத்துல சொன்னேன். நீ படிச்சவ, ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்ல?" என்றாள். கோபம்கூட இல்லாத குரல். போன் வைக்கப்பட்டது.

கம்பியைப் பற்றிச் சொன்னவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே உருளைப் பிரிவு. அந்தப் பதிவுகள் அவளுடைய மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன. அந்த இரண்டு பேரும் வேலை முடிந்து வருகிற வழியில் காத்திருந்து கேட்டாள். ஒருத்தி நிற்காமலே நடந்தாள். மற்றவள் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கேள்வியம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், என்னை விட்டுடு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நான் உன்கிட்ட எதுவுமே சொல்லல, சரியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போட்டுக் காட்டினால் அக்கா பிழைப்பாள், இந்த இரண்டு பேரும் தெருவுக்கு வருவார்கள். காட்டாவிட்டால் அக்கா மட்டும் தெருவில். பேராசிரியரிடம் கேட்டாள். "காட்டவே கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே" என்றார். அண்ணியிடம் கேட்டாள். அண்ணி துணியை உதறிக்கொண்டே யோசித்துவிட்டு, "நீ எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருத்தர் மேல மிதிச்சிட்டுத்தான் போகணும் போலிருக்கேடி" என்றாள். அவள் காட்டவில்லை.

விசாரணை அறை சின்னது. நீண்ட மேசை, சுழலாத மின்விசிறி, சுவரோரம் கோப்புகள். உருளையக்காவும் மகளும் ஒரு பக்கம், கம்பெனி வக்கீலும் மேனேஜரும் எதிரே. அதிகாரி கேட்டார். இவள் எழுந்து நின்று, கம்பியைக் கட்டியது சூப்பர்வைசர் என்று இந்த அம்மா தன்னிடம் முன்பே சொன்னதாகச் சொன்னாள்.

வக்கீல் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். "இது நீங்க எழுதினதுதானே? இதுல அந்தம்மா பொய் எழுதிக் குடுத்ததா இருக்கு. கம்பியைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"இல்ல. எழுதினேன், எடுத்துட்டோம்."

"ஏன்?"

"அது... மனோவியல் இல்லன்னு."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "பதிவு ஏதாவது இருக்காம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவர் நல்லவிதமாகக் கேட்டதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

"அழிச்சிட்டேன் சார்."

உருளைப் பிரிவிலிருந்து மற்ற ஏழு பேரில் ஒருவர்கூடச் சாட்சிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். அவளுடைய ஆராய்ச்சியின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். பக்க எண்ணோடு சொல்லுவாள். அந்தப் பக்கங்களால் அந்த அறையில் ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லை. புகார் தள்ளுபடி ஆயிற்று. வெளியே படிக்கட்டில் அக்கா சட்டைக் கையைக் கீழே இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி இறங்கிப் போனாள். திட்டுவாள் என்று இவள் நின்றிருந்தாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தன்மேல் தானே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப்போட்டாள். ஆறு வாரத்தில் பதில் வந்தது. பெயர் வெளியாகவில்லை, விலகல் கோரிக்கை உடனே நிறைவேற்றப்பட்டுள்ளது, எனவே விதிமீறல் இல்லை. இனி ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களைப் பட்டியலில் தவிர்க்கவும் என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்து. யாராவது 'நீ செய்தது தப்பு' என்று எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது உட்கார்ந்திருப்பாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் மேசையில் ஒரு வரி எழுதவில்லை. காலையில் எழுந்து, குளித்து, மேசைமுன் உட்கார்ந்து, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அண்ணன் இதைப் பற்றிப் பேசத் தெரியாமல், சன்னல் கொக்கியைச் சரிசெய்கிற சாக்கில் வந்து வந்து போனான். ஒருநாள் அண்ணி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"விட்டுடேன். திரும்ப எங்கயாவது வேலைக்குப் போ. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"விட்டா அவங்க வேலை திரும்ப வருமா அண்ணி?"

"முடிச்சா மட்டும் வருமா?"

முடிப்பது என்று ஏன் முடிவெடுத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. நூறு பேருக்கு மேல் தங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருந்தார்கள்; அதைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. உருளைப் பிரிவை மட்டும் முழுதாக வெட்டி எடுத்தாள். மற்ற ஏழு பேரின் பேச்சு, கம்பி, கையுறை, சுடுதண்ணீர் எல்லாம் போயிற்று. மிச்சத்தை வைத்துக் கொஞ்சம் மெலிந்த ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஆலை மேனேஜர் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய நன்றிக் கடிதம் அவர் முன்னால் இருந்தது. ஆய்வுக்குப் பிறகு ஆலைச் சுவரெல்லாம் 'காயத்தை மறைக்காதீர், உடனே தெரிவிப்பீர்' என்று அறிவிப்பு ஒட்டியிருப்பதாகவும், அதன்பின் பதிவான காயங்கள் மாதத்துக்கு ஆறிலிருந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டதாகவும் அதில் இருந்தது.

"இந்தக் காலத்துல எந்த ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு பலன் கிடைக்குது? ரொம்பப் பெருமையான விஷயம்" என்றார் அவர்.

"காயம் குறையல சார். சொல்றதுதான் நின்னுபோச்சு."

வழிகாட்டிப் பேராசிரியர் மேசையையே பார்த்தார். வெளியூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றி, அவளைக் கூர்ந்து பார்த்து, "நல்ல கோணம். இதை ஒரு தனிக் கட்டுரையா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அரைமணி நேரத்தில் எல்லோரும் எழுந்து கை குலுக்கினார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவள் உருளையக்கா வீட்டைத் தேடிப் போனாள். மூன்றாம் மாடி, நீல வாளி வைத்த வாசல். அக்காவே கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். இப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் மாடிப்படி துடைக்கிற வேலை என்று அக்காவின் மகள் முன்பே சொல்லியிருந்தாள். உள்ளே வா என்று அக்கா சொல்லவில்லை; கதவைச் சாத்தவும் இல்லை.

"படிப்பு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"ம்." வாசல் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "என்னைப் பத்தி என்ன எழுதின?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காவது ஒரு நல்ல பதில் கையில் இருக்கிறது என்று நினைத்தாள். அவசரமாகச் சொன்னாள்: "எதுவுமே எழுதலக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டேன். உங்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. யாரும் கண்டுபிடிக்க முடியாது."

உருளையக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு வரி கூட இல்லயா?"

"இல்லக்கா."

"ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். என் மகளுக்குக்கூட அவ்வளவு சொன்னதில்ல. வேலை போனது போச்சு, எங்கயோ ஒரு புஸ்தகத்துலயாவது இருக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன்." அவள் அழவில்லை. கணக்குத் தப்பிப்போனவள் மாதிரி ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப அது எங்கயுமே இல்ல."

இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன், திரும்பச் சொல்லுங்கள் என்று இவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்றும் தோன்றியது. அதற்குள் அக்கா, "வேலைக்கு நேரமாச்சு" என்று உள்ளே போய்ச் செருப்பைத் தேடினாள். இருவரும் ஒரே படிக்கட்டில் இறங்கினார்கள். கீழே வந்ததும் அக்கா இடது பக்கம் திரும்பி, நின்றிருந்த பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

கேள்வியம்மாவுக்கு இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை. அண்ணி தெருவெல்லாம் சொல்லி, நாலு பேர் முட்டிவலியோடு உண்மையிலேயே வந்து போனார்கள். வகுப்பில் அவள் புள்ளிவிவரம் மட்டும் நடத்துகிறாள். ஆட்களிடம் நேரில் பேசித் தகவல் திரட்டுவது எப்படி என்ற பாடத்தை அவளிடம் இரண்டு முறை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.